பஸ் ஹோல்ட்டில் ஒரு சின்னக் கட்டு

எனக்கு இன்றைக்கும் பஸ் நிற்கும் ஹோல்ட்டில் உட்கார வராது. இடுப்பு வலிக்கும், முழங்கால் கெஞ்சும், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எழும்பி "ஆன்ட்டி, இருங்க" என்று இடமும் தரும். இருந்தாலும் நிற்பேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகும் என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாம். என் கிறுக்கு எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் பெரிய ரோட்டுக்குச் சற்று உள்ளே, பல்லேபொலவுக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அப்போது எங்கள் வாடகை வீடு. அப்பா அரசாங்க மருந்தகத்தில் மருந்து கலக்கிக் கொடுப்பவர். ஊர்ச் சிங்களச் சனங்கள் அவரை 'பெஹெத் மாத்தயா' என்பார்கள். மருந்து ஐயா என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். நானும் தம்பியும் டவுனில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வந்தோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நெந்தாவின் வீடு. நெந்தா என்றால் சிங்களத்தில் மாமி. புருஷன் இல்லாதவர். கொஞ்சம் மிளகு, நாலு ஜாதிக்காய் மரம், ஒரே மகன், அவ்வளவுதான் அவருடைய சொத்து. அவர் வீட்டு முற்றத்தில் எப்போதும் ஜாதிக்காய்த் தோல் காய்ந்துகொண்டிருக்கும். இப்போதும் சந்தையில் அந்த வாசம் வந்தால் நான் திரும்பிப் பார்ப்பேன். அம்மா அவரை அக்கா என்பார். புட்டு அவித்தால் ஒரு கோப்பை வேலிக்கு மேலே போகும், பலாக்காய் சமைத்தால் ஒரு கோப்பை வேலிக்கு மேலே வரும்.

அந்த மகனை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிட்டோம். காலையில் தம்பியை சைக்கிள் பாரிலும் என்னைக் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வருவார். அப்போது ஹோல்ட் என்று ஒன்றும் கிடையாது, ரோட்டோரம் ஒரு மாரா மரம் மட்டுந்தான். பஸ் வரும்வரை நிற்பார். வந்ததும் கண்டக்டரிடம், "இதுக எங்க வீட்டுப் பிள்ளைங்க, சீட் எடுத்துக் குடுங்க" என்று அதிகாரமாகச் சொல்லுவார். என்னமோ பஸ்ஸே இவருடையது மாதிரி! தம்பிக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

பிறகு அவர் ஆர்மிக்குப் போனார். வேறு வேலை கிடைக்கவில்லை, போனார். ஊரில் அப்போது பல வீடுகளில் அதுதான் நடந்தது.

வடக்கிலிருந்து முதல் லீவில் வந்தபோது வேலியோரம் நின்று அம்மாவைக் கூப்பிட்டு, பனை ஓலையில் பின்னிய சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினார். உள்ளே பனங்கட்டி.

"உங்க ஊர்ச் சாமான் கொண்டுவந்தேன்" என்றார் சிங்களத்தில்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்க வடக்கப் படத்துலகூடப் பார்த்ததில்ல, மகன். எங்க ஊரு இந்தா இருக்கு, உக்குவளை!"

அவர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தார். "தெரியும். ஆனா அங்க ஆளுக எல்லாம் உங்கள மாதிரியே பேசுறாங்க. இதப் பார்த்ததும் உங்க ஞாபகம் வந்துச்சு."

பனங்கட்டி ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பென்சில் துண்டு, உடைந்த வளையல், பஸ் டிக்கெட் எல்லாம் அதற்குள்தான். மூடியைத் திறந்தால் ஓலையும் வெல்லமும் கலந்த ஒரு வாசம் வரும்.

அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை. பெட்டி வந்தது, சீல் வைத்து.

ரோட்டின் இரண்டு பக்கமும் சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டினார்கள். திறந்து காட்ட ஏலாது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நெந்தா அந்த மூடியின் மேல் கன்னத்தை வைத்தபடி கிடந்தார். அம்மா போவதற்கு முன்பு கண்ணாடி முன்னால் நின்று, பொட்டை அழிப்பதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அழிக்கவில்லை. இழவு வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள் என்பதால் சோறும் பருப்பும் பெரிய சட்டியில் சமைத்துத் தூக்கிக்கொண்டு போனார். அப்பாவும் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

அங்கே வெளியூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் அம்மாவின் பொட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. நெந்தா மூடியிலிருந்து தலையைத் தூக்கி, "எங்க வீட்டு ஆளு" என்றார். மறுபடி கன்னத்தை வைத்துக்கொண்டார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு அம்மாவின் கையிலிருந்து சோற்றுச் சட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அப்பா நெந்தா சொன்ன பதிலை அங்கேயே விட்டுவிட்டு, அந்த ஆள் கேட்ட கேள்வியை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வராது. இனக்கலவரத்தில் டவுனில் எங்கள் வீடு எரிந்தபோது எனக்குச் சரியாக நினைவு தெரியாத வயது. தம்பி அம்மாவின் வயிற்றில். யாரோ ஒருவருடைய கொக்கோத் தோட்டத்துக்குள் எங்களைப் படுக்கவைத்துவிட்டு, சத்தம் போடாமல் இருக்க என் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாராம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். அப்பா அடுப்பு இருக்கும் தெருவுக்கே வராத பூனை.

அந்தக் கிழமையே என் ஓலைப்பெட்டியை எடுத்துக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். நான் அழுது புரண்டேன்.

"வீடு வீடா செக் பண்றாங்க" என்றார். "வடக்குச் சாமான் எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது? ஆர்மிக்காரப் பையன் குடுத்தான்னா நம்புவானா?"

ஆர்மிக்காரனுக்குப் பயந்து ஆர்மிக்காரன் தந்த பெட்டியை எரித்த மனுஷன்! இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வயிறும் எரிகிறது. அண்ணா எங்களுக்குத் தந்தது அது ஒன்றுதான்.

சில மாதங்கள் கழித்து மாரா மரத்துக்குப் பக்கத்தில் நெந்தா ஒரு பஸ் ஹோல்ட் கட்டினார். உங்களுக்குத் தெரியும், சண்டையில் செத்த பிள்ளையின் பேரில் அப்படிக் கட்டுவது அந்தச் சனங்களிடம் வழக்கம். நாலு தூண், மேலே தகரம், பின்சுவரில் கண்ணாடிக்குள் அண்ணாவின் யூனிபோர்ம் போட்ட படம், கீழே சிங்கள எழுத்தில் பேர். உட்காருவதற்கு நீளமான சீமெந்துக் கட்டு. அதன் ஒரு கோடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக இன்னொரு குட்டைக் கட்டு. இரண்டுக்கும் சிவப்புப் பொலிஷ் போட்டு, நெந்தா தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

திறப்புக்கு முதல்நாள் வேலியோரம் வந்து, "பிள்ளைங்கதான் முதல்ல வந்து உட்காரணும், அவன் பஸ் ஏத்திவிட்ட பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா "கட்டாயம், கட்டாயம்" என்று தலையை ஆட்டினார். மறுநாள் விடிந்ததும் எங்களை டவுன் அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாய்ந்துதான் திரும்பினோம். ஹோல்ட்டில் யாரும் இல்லை. வாழையிலையில் கட்டின பாற்சோறு எங்கள் வாசற்படியில் இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம். ஹோல்ட்டில் உட்காரக் கூடாது, நிற்கவும் கூடாது. மாரா மரத்துக்குக் கீழே நிற்க வேண்டும், பஸ் வந்து ஹோல்ட்டில் நின்றதும் ஓடிப்போய் ஏற வேண்டும். அம்மா அதற்குச் சொன்ன காரணம், "செத்தவங்க பேர் எழுதின இடத்துல குந்தக் கூடாது. கால நீட்டிக்கிட்டு இருக்கிற இடமா அது? கும்புட்டுட்டுப் போகணும்." நாங்கள் அப்படியே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தோம். அப்பா சொன்ன காரணம் ஒரே சொல்: "வம்பு."

அந்தக் குட்டைக் கட்டு எதற்கு என்று தம்பி கேட்டான். "பூ வைக்கிறதுக்கு" என்றார் அப்பா.

நெந்தா தினமும் காலையில் வந்து ஹோல்ட்டில் உட்கார்ந்திருப்பார். எந்த பஸ்ஸிலும் ஏற மாட்டார். எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "பார்த்தியா, காவலுக்கு உட்கார்ந்திருக்கா. யாரும் அசிங்கம் பண்ணக் கூடாதுன்னு" என்று அப்பா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மரத்தடியில் நின்று அந்தப் பேரை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் நான் சிங்களம் வாசிக்கப் பழகினேன். பெரிய கட்டில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பொலிஷ் மங்கிவிட்டது. குட்டைக் கட்டு மட்டும் போட்ட அன்றைக்குப் போலவே பளபளவென்று இருந்தது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. அப்பாவின் பெரிய கறுப்புக் குடை இரண்டு பேருக்குப் போதாது, புத்தகப் பைக்கே போதாது. மாரா மரம் வேறு மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். நெந்தா கையைக் காட்டிக் கூப்பிடுவார். நாங்கள் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்போம். தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஊருக்கே மருந்து கலக்கும் அப்பாவின் மிக்சருக்கும் அந்த இருமல் அடங்கவில்லை.

ஒரு பின்னேரம் நெந்தா அலுமினியச் சொம்பில் கொத்தமல்லித் தண்ணியோடு வேலிக்கு வந்தார். அம்மா வாங்கிக்கொண்டார். நெந்தா போகாமல் அங்கேயே நின்றார். இருவரும் பேசினது சிங்களத்தில். எனக்குக் கேட்டது இன்றைக்கும் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"ஒண்ணு கேக்கட்டா? என் பிள்ளையோட நிழல்கூட உங்களுக்கு ஆகாதா?"

அம்மா பதறிப்போனார். "ஐயோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்க! மரியாதைக்குத்தான் விலகிப் போறோம். சாமி கும்புடுற இடம் மாதிரி."

"சாமியா? என் பிள்ளை சாமி இல்ல. சாமின்னா பூ வச்சிட்டு சும்மா இருந்திருப்பேனே. எதுக்கு ஹோல்ட் கட்டணும்?" நெந்தா ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "வெயில்ல வாறவங்க உட்காரணும், மழைக்கு ஒதுங்கணும். எழும்பிப் போகும்போது அவங்க களைப்பு போயிருக்கணும். அந்தப் புண்ணியம் என் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அவனுக்கு அனுப்ப என்கிட்ட வேற என்ன இருக்கு?"

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"அந்தச் சின்னக் கட்டு யாருக்குன்னு நினைச்சீங்க? மேசன் வேணாம்னான். பெரியாளுக அதுல இருக்க ஏலாதுன்னான். பிள்ளைங்களுக்கு காலு தரையில எட்டணும்னு நான்தான் கட்டச் சொன்னேன். தினமும் வந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். அதுங்க செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடுதுங்க, என்னமோ தீட்டு மாதிரி."

நாங்கள் சாமிக்குக் காட்டிய மரியாதை அவர் கண்ணுக்குத் தீட்டாகத் தெரிந்திருக்கிறது. அம்மா வேலிக்கு மேலே கையை நீட்டி நெந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அம்மா அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அவ சொல்றது சரிதான். இல்லன்னு நான் சொன்னேனா? ஆனா ரோட்டுல போறவன் எல்லாம் அவளா? அந்தப் படத்துக்குக் கீழ நம்ம பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு, ட்ரக்ல இருந்து ஒருத்தன் இறங்கி இதுக யாருன்னு கேக்குறான்னு வையி..."

"அதுக்குத்தான் அக்கா தினமும் அங்க உட்கார்ந்திருக்காங்க. இழவு வீட்டுலயே பதில் சொன்னவங்க, ரோட்டுல சொல்ல மாட்டாங்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"ஆமா, பேய்தான். பேயக் கண்ணால பார்த்தவன் நான்."

"ஒரே ஒரு நாள் உட்காரட்டுமே."

"வம்புக்கு ஒரு நாள் போதுமே" என்றார் அப்பா. கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்.

அப்பா எங்களுக்குச் சொல்லாமலே இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். தை பிறந்ததும் உக்குவளைப் பக்கம் மாற்றம் வந்துவிட்டது. புறப்படும் முன்பு அம்மா வேலியோரம் நின்று நெந்தாவுக்கு வாக்குக் கொடுத்தார். "நாளைக்கு லொறியில போகும்போது ஹோல்ட்ல நிறுத்துவோம் அக்கா. பிள்ளைங்க ரெண்டையும் உட்கார வச்சிட்டுத்தான் போவேன்." அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் உண்மையாகவே நிறுத்தத்தான் நினைத்திருந்தார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

காலையில் சாமான் ஏற்றி லொறி கிளம்பியது. அப்பாவும் அம்மாவும் டிரைவர் பக்கத்தில். நானும் தம்பியும் பின்னால் மெத்தை மேல். தம்பிக்குப் புதுச் சட்டை, எனக்குத் தலை நிறையப் பூ. கோயிலுக்குப் போகிற மாதிரி அம்மா உடுத்திவிட்டிருந்தார். தூரத்திலேயே நெந்தா தெரிந்தார். குனிந்து குட்டைக் கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். லொறிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சிரித்தார். துணி பிடித்த கையை, பஸ்ஸை மறிக்கிற மாதிரி நீட்டினார்.

ஹோல்ட்டுக்கு எதிரே டீக்கடை. அன்றைக்கென்று பார்த்து அதன் வாசலில் ஒரு ஆர்மி ட்ரக் நின்றது. ஏழெட்டுப் பையன்கள், துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

லொறி மெதுவாகியது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது. அதற்கு மேலே அப்பாவின் குரல். "போங்க! போங்க டிரைவர், நிறுத்தாதீங்க!"

லொறி வேகம் எடுத்தது. நெந்தா நீட்டிய கையைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். தம்பி விவரம் தெரியாமல் அவருக்கு டாட்டா காட்டினான். பிறகு நெந்தா என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குட்டைக் கட்டில் தானே போய் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சில் முட்டியது. வளைவு திரும்பும் வரை அவர் எழும்பவில்லை. அன்றைக்கு அம்மா உக்குவளைக்கு வந்து இறங்கும் வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினார், சமைத்துப் போட்டார், எல்லாம் செய்தார். ஆனால் புட்டு அவிக்கிற நாளெல்லாம் வீடு ஒரு மாதிரி இருக்கும்.

திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்பது மைலோ பத்து மைலோ, அதுவும் ஒரு தூரமா? எந்த முகத்தோடு போவது என்று அம்மா ஒத்திப்போட்டார். ஒத்திப்போட்டதில் நான் கல்யாணம் கட்டினேன், தம்பி வெளிநாடு போனான், சண்டையும் முடிந்துபோனது. அப்பா படுக்கையில் விழுந்து கடைசி நாட்களில் பேச்சுக் குறைந்திருந்தார். ஒருநாள் திடீரென்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னைக்கு அவனுக டீதானே குடிச்சிக்கிட்டு இருந்தானுக?"

எதைக் கேட்கிறார் என்று அம்மாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஆமா" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன மாதம் அம்மா தானாகவே, "என்ன அங்க ஒருக்கா கூட்டிக்கிட்டுப் போ" என்றார். த்ரீவீலர் பிடித்துக்கொண்டு போனோம். ரோட்டை அகலமாக்கியிருந்தார்கள். ஹோல்ட் இல்லை. மாரா மரமும் இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் போன் விற்கும் கடை. நெந்தா தவறிப் பல வருஷம் என்றார் கடைக்காரர். ஹோல்ட்டை உடைத்தபோது படத்தைப் பன்சலைக்கு, அதுதான் புத்த கோயிலுக்கு, கொண்டுபோனார்களாம். "பேர் பார்க்கணும்னா டவுன்ல பெரிய நினைவுக் கல்லு கட்டியிருக்காங்க, அதுல இருக்கும்" என்றார்.

போனோம். புல்தரை, வரிசையாகப் பூச்செடி, சங்கிலி கட்டின பாதை, நடுவில் கறுப்புக் கல். வரிசை வரிசையாகப் பேர்கள். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மழையில் நின்று நின்று படித்த எழுத்து, கண் தானாகப் போய் நின்றது. இதுதான் என்று காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, கல்லின் கீழ்ப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்தான். அண்ணா செத்தபோது பிறந்தே இருக்க மாட்டான். "அம்மே, அதுல இருக்கக் கூடாது" என்றான் மரியாதையாகத்தான்.

"கால் ஏலாது, மகன். கொஞ்சம் இருந்துட்டு எழும்புறேன்."

"உங்க மகனா?"

"இல்ல" என்றார் அம்மா. "பக்கத்து வீட்டுப் பிள்ளை. எங்க பிள்ளைங்கள பஸ் ஏத்திவிடுற பிள்ளை."

அவன் அம்மாவின் வெறும் நெற்றியையும் என் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாசல் கேட் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வெயில் சுட்டது. நிழல் என்று அங்கே ஒன்றும் இல்லை. அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்து எழும்பி, கல்லைப் பார்த்துச் சிங்களத்தில், காவல் பையனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"களைப்பு போயிருச்சு, மகன். நல்லாப் போயிருச்சு."

த்ரீவீலரில் ஏறியதும் முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினார். நான் தமிழில் கேட்டேன்.

"நிஜமாவே போச்சாம்மா?"

"எங்க போச்சு" என்றார் அம்மா. "அதுக்கு அந்த ஹோல்ட்லதான் உட்கார்ந்திருக்கணும்."